ஓட்ஸ்: எவ்வளவு, எப்படி, யாருக்கு?

ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு கூடியிருப்பது தெரிந்தால் போதும், அந்த மாத மளிகைப் பட்டியலில் ஓட்ஸ் ஏறிவிடுகிறது. சர்க்கரை நோய் என்றாலும் ஓட்ஸ், எடை குறைக்க வேண்டும் என்றாலும் ஓட்ஸ். கஞ்சி, உப்புமா, தோசை, இட்லி என எல்லா வடிவிலும் அது நம் சமையலறைக்குள் வந்துவிட்டது. ஆனால் அதன் பலன் மூன்று விஷயங்களைப் பொறுத்தது: சாப்பிடும் அளவு, வாங்கும் வகை, கூடச் சேர்க்கும் பொருள்கள்.

கொழுப்பைக் குறைப்பது எது?

ஓட்ஸ் கஞ்சி ஆற ஆற வழவழப்பாகிக் கரண்டியில் ஒட்டிக்கொள்ளும். அந்த வழவழப்புக்குக் காரணம் பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்து. இது குடலில் பித்த அமிலங்களைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேற்றுகிறது. இழந்த பித்த அமிலத்தை மறுபடி உருவாக்கக் கல்லீரல் ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. அதனால் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். குறைகிறது.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1997இல் இதை ஏற்றுக்கொண்டு, ஓட்ஸ் உணவுகள் இதய நோய் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று பாக்கெட்டில் அச்சிட அனுமதித்தது. அதற்கு அது சொன்ன அளவு நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான். அவ்வளவு கிடைக்க 60 முதல் 75 கிராம் வரை உலர் ஓட்ஸ் சாப்பிட வேண்டும். தோசை மாவில் இரண்டு கரண்டி ஓட்ஸ் பொடி கலப்பதால் இந்தப் பலன் வராது.

முழு அளவு சாப்பிட்டாலும் எல்.டி.எல். பொதுவாக 5 முதல் 7 சதவீதம்தான் குறையும். 160 இருப்பவருக்கு 150க்கு அருகில் வரலாம். உணவால் கிடைப்பதில் இது நல்ல பலனே. ஆனால் ஓட்ஸ் சாப்பிடுகிறோம் என்று கொழுப்பு மாத்திரையை நாமாகவே நிறுத்துவது ஆபத்து.

சர்க்கரை நோயாளிகளுக்கு நல்லதா?

வாங்கும் வகையைப் பொறுத்தது. ஓட்ஸ் மணியை இரண்டு மூன்று துண்டாக வெட்டியது ‘ஸ்டீல் கட்’. ஆவியில் வேகவைத்துத் தட்டையாக்கியது ‘ரோல்டு’. இவை மெதுவாகச் செரிப்பதால் ரத்தச் சர்க்கரை நிதானமாகவே ஏறும். வெந்நீர் ஊற்றியதும் தயாராகும் ‘இன்ஸ்டன்ட்’ வகை மிக மெல்லியதாக்கப்பட்டது. சர்க்கரையை வேகமாக ஏற்றும். எந்த வகையானாலும் ஓட்ஸில் பெரும்பகுதி மாவுச்சத்துதான். சோற்றுக்கோ இட்லிக்கோ பதிலாகச் சாப்பிட வேண்டும். அவற்றோடு கூடுதலாகச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

எடைக் கணக்கும் இப்படித்தான். 40 கிராம் ஓட்ஸில் ஏறத்தாழ 150 கலோரி இருக்கிறது. நார்ச்சத்து பசியைத் தாமதப்படுத்தும். அதில் கொழுப்பு நீக்காத பால், இரண்டு ஸ்பூன் தேன், பேரீச்சை, வாழைப்பழம் எல்லாம் சேர்ந்தால் கலோரி இரு மடங்கைத் தாண்டும்.

மசாலா ஓட்ஸ் வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கம் சோடியம் அளவைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள், அதாவது 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சாதா ஓட்ஸை வாங்கி, காய்கறி சேர்த்து, உப்பைத் தாங்களே அளந்து போட்டுக்கொள்வது நல்லது.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

நார்ச்சத்து குறைவாகவே சாப்பிட்டுப் பழகியவர்கள் திடீரென்று நிறைய ஓட்ஸ் சாப்பிட்டால் வயிறு உப்பும், வாயு சேரும். சிறிய அளவில் தொடங்கி, தண்ணீரும் போதிய அளவு குடிக்க வேண்டும்.

ஓட்ஸிலுள்ள ஃபைடிக் அமிலம் இரும்பு, துத்தநாகச் சத்துகள் உடலில் சேர்வதைக் குறைக்கும். ரத்தசோகை உள்ளவர்கள் இரும்புச்சத்து மாத்திரையை ஓட்ஸோடு சேர்த்து எடுக்கக் கூடாது. தைராய்டு மாத்திரையையும் வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே சாப்பிட வேண்டும்.

ஓட்ஸில் இயல்பாகக் குளூட்டன் இல்லை. ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமை, பார்லி கலந்துவிடும். எனவே குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிகள் ‘குளூட்டன் இல்லாதது’ என்று சான்றளிக்கப்பட்டதையே, மருத்துவரைக் கேட்டு உண்ண வேண்டும். பாஸ்பரஸ், பொட்டாசியக் கட்டுப்பாட்டில் இருக்கும் சிறுநீரக நோயாளிகளும் ஆலோசனை கேட்பது அவசியம்.

கேழ்வரகா, ஓட்ஸா?

கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு; ஓட்ஸில் அதில் ஆறில் ஒரு பங்குதான். நார்ச்சத்து இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. பீட்டா குளுக்கானில் ஓட்ஸும் பார்லியும் முன்னால் நிற்கின்றன. ஆகவே கொழுப்பு கூடியவர்கள் காலையில் ஒருவேளை சாதா ஓட்ஸ் சாப்பிடலாம். எலும்புக்குக் கேழ்வரகையும் விடாமல் வைத்துக்கொள்ளலாம். ஓட்ஸ் பிடிக்காதவர்கள் வலிந்து விழுங்க வேண்டியதில்லை: சிறுதானியம், பயறு, கீரை, காய்கறி என்று தட்டு நிறைந்தாலே நார்ச்சத்துக்குக் குறைவில்லை.