ஏழு கிழமைகளும் ஆங்கில இலக்கணமும்

கிழமைகள் ஏழு. அவற்றின் ஆங்கிலப் பெயர்களைச் சிறு வயதிலேயே நாம் ஒப்பித்துவிட்டோம். ஆனால் அப்பெயர்களை ஒரு வாக்கியத்தில் வைத்து எழுதும்போதுதான் தடுமாற்றம் தொடங்குகிறது. விடுப்பு விண்ணப்பமாயினும் வேலைக்கான மனுவாயினும் கிழமை வராமல் இராது. எனவே, தமிழ்வழியில் படித்து வந்த நம் போன்றோர்க்குப் பயன்படும் சில விதிகளை இங்குத் தருகிறேன்.

முதலில் பெயர்கள். ஞாயிறும் திங்களும் கதிரவனையும் நிலவையும் குறிப்பதுபோலவே சண்டேயும் மண்டேயும் குறிக்கின்றன. சாட்டர்டே, சாட்டர்ன் என்னும் ரோமானியத் தெய்வத்தின் பெயரால் வந்தது. சனிக்கோளுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். இடையிலுள்ள நான்கும் டியூ, வோடன், தோர், ஃபிரிக் என்னும் பழைய ஜெர்மானியத் தெய்வங்களின் பெயரால் அமைந்தவை. கிழமைப் பெயர்கள் ஆங்கிலத்தில் சிறப்புப் பெயர்கள். ஆதலால் வாக்கியத்தின் நடுவில் வந்தாலும் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாகவே எழுத வேண்டும்.

அடுத்தது 'ஆன்'. தமிழில் 'திங்கட்கிழமை வருகிறேன்' என்றாலே போதும். ஆங்கிலத்தில் 'ஆன் மண்டே' என்பதே முறை. 'திங்களன்று' என்பதிலுள்ள 'அன்று'தான் இந்த 'ஆன்' என்று நினைவில் வைக்கலாம். 'காலையில்' என்பதற்கு 'இன் த மார்னிங்' என்கிறோம். ஆனால் கிழமை சேர்ந்துவிட்டால் 'ஆன் மண்டே மார்னிங்' என்றே எழுத வேண்டும்.

லாஸ்ட், நெக்ஸ்ட், திஸ், எவ்ரி ஆகிய சொற்கள் கிழமைக்கு முன் வந்தால் 'ஆன்' வேண்டுவதில்லை. 'ஆன் நெக்ஸ்ட் மண்டே' என்பது பிழை. 'நெக்ஸ்ட் மண்டே' என்பதே சரி. போச்சம்பள்ளிச் சந்தை ஞாயிறுதோறும் கூடுகிறது. இதனை 'எவ்ரி சண்டே' என்றும் சொல்லலாம். பன்மையாக்கி 'ஆன் சண்டேஸ்' என்றும் சொல்லலாம்.

விடுப்பு விண்ணப்பத்திற்கு வருவோம். 'திங்கட்கிழமையிலிருந்து காய்ச்சல்' என்பதை 'ஃப்ரம் மண்டே' என்று எழுதுவது பரவலான வழக்கம். காய்ச்சல் அன்று தொடங்கி இன்றும் நீடிப்பதால் 'ஐ ஹேவ் ஹேட் ஃபீவர் சின்ஸ் மண்டே' என்று எழுத வேண்டும். நாள்களை எண்ணிச் சொன்னால் 'ஃபார் த்ரீ டேஸ்' என்க. வரும் திங்களிலிருந்து தேர்வு என்றால் 'ஃப்ரம் மண்டே' சரியே. தமிழில் 'இருந்து' ஒன்றே. ஆங்கிலத்தில் அது இரண்டாகப் பிரிகிறது.

இறுதியாக, மிகவும் கவனிக்க வேண்டிய மூன்று சொற்கள். 'டில் சாட்டர்டே' என்றால் சனிக்கிழமை வரை ஒரு செயல் தொடரும். 'பை சாட்டர்டே' என்றால் சனிக்கிழமைக்குள் அது முடிய வேண்டும். சனிக்கிழமையும் அதில் அடங்கும். 'பிஃபோர் சாட்டர்டே' என்றால் வெள்ளியோடு கெடு முடிந்தது.

இது வெறும் ஏட்டு இலக்கணம் அன்று. சிங்காரப்பேட்டையிலிருந்து ஓசூருக்கு வேலை தேடிப் போன என் உறவினர் ஒருவர், ஒரு தொழிற்சாலையின் வாயிலில் ஒட்டியிருந்த ஆங்கில அறிவிப்பைப் பக்கத்தில் நின்றவரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டார். 'பிஃபோர் சாட்டர்டே' என்றிருந்ததை அவர் 'சனிக்கிழமைக்குள்' என்று சொல்லிவிட்டார். சான்றிதழ்களோடு இவர் சனிக்கிழமை காலையிலேயே போய் நின்றார். "நேற்றோடு முடிந்துவிட்டது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு சிறு சொல், ஒரு வேலை!

நாம் எழுதும்போது இக்குழப்பத்தைத் தவிர்க்க எளிய வழி உண்டு. 'ஆன் ஆர் பிஃபோர்' என்று எழுதினால் அந்த நாளும் அடங்கும். 'நெக்ஸ்ட் ஃபிரைடே' என்பதை வரும் வெள்ளி என்று சிலரும் அதற்கடுத்த வெள்ளி என்று சிலரும் கொள்வதால், கிழமையோடு தேதியையும் குறிப்பது நலம்.

நண்பர்களே! நம்மில் பலர் நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். வங்கிக் கடிதமோ வேலை அறிவிப்போ வந்தால் ஊரார் நம்மிடம்தான் நீட்டுகிறார்கள். தேர்வில் பிழை செய்தால் நமக்கு ஒரு மதிப்பெண் போகும். அங்கே பிழை செய்தால் அடுத்தவர் பிழைப்பே போகும். ஆகவே, ஏழு கிழமைகளையும் இனியேனும் கருத்தூன்றிக் கற்போமாக!