எந்தத் தோல் நோய்க்கு எந்த இலை?

தோலில் எது வந்தாலும் "வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் பூசு" என்று சொல்லிவிடுகிறோம். பூஞ்சையால் வரும் படர்தாமரையும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியால் வரும் சிரங்கும், உடலின் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறுவதால் வரும் சொரியாசிஸும் வேறு வேறு நோய்கள். நோய் இன்னதென்று தெரிந்த பிறகு இலையைப் பறிப்பதே முறை.

படர்தாமரைக்குச் சீமை அகத்தி

வாய்க்கால் ஓரங்களில் ஆளுயரம் வளர்ந்து, மஞ்சள் பூங்கொத்தை மெழுகுவத்தி போல நிமிர்த்தி வைத்திருக்கும் செடி இது. வண்டுகொல்லி என்றும் சொல்வார்கள். கொழுந்தை எலுமிச்சைச் சாறு விட்டு மைய அரைத்து, படையின் விளிம்பையும் தாண்டி ஒரு விரற்கடை பூச வேண்டும்; பூஞ்சை பரவுவது விளிம்பில்தான். இலையிலுள்ள கிரைசோபானிக் அமிலம் பூஞ்சையை அடக்குகிறது. பிலிப்பைன்ஸ் நாட்டுச் சுகாதாரத் துறை பரிந்துரைத்த 10 மூலிகைகளில் இதுவும் ஒன்று. அங்கே சோப்பாகவே விற்கிறார்கள்.

எலுமிச்சை பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் போடும், கருத்தும் போகும். அதனால் மாலையில் பூசி, அரை மணி நேரத்தில் கழுவிவிடுங்கள்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு இதைவிடப் பெரிய வம்பு. அரிப்பு இரண்டே நாளில் அடங்கும், பூஞ்சை அடங்காது. நிறுத்தியதும் படை முன்னைவிட அகலமாகத் திரும்பும்.

கருநீலமாகும் வெட்பாலை எண்ணெய்

சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப் படை என்று சொல்லும் சொரியாசிஸுக்கு வெட்பாலைத் தைலம் பேர்போனது. இலையைக் கத்தி படாமல் கையாலேயே கிள்ளி, தேங்காய் எண்ணெயில் போட்டுக் கண்ணாடிப் பாத்திரத்தில் வெயிலில் வைப்பார்கள். அடுப்பு வேண்டாம். சில நாட்களில் எண்ணெய் கருநீலமாக மாறிவிடும். இலையிலுள்ள சாயச்சத்து இறங்குவதுதான் காரணம். செதில் உதிர்வதும் அரிப்பும் குறையும். வேரோடு போய்விடும் என்று விளம்பரம் செய்பவர்களை நம்பாதீர்கள். சொரியாசிஸ் கட்டுக்குள் இருக்கும், மறுபடி தலைதூக்கும். தைலம் பூசும்போது பழைய சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள், கறை போகாது.

சிரங்குக்கு மட்டும் பாட்டி சொன்னது சரி

வேப்பிலை, மஞ்சள் விழுதைச் சிரங்குள்ள 814 பேருக்குப் பூசிய ஆய்வு 1992-இல் வெளியானது. 97 சதவீதம் பேருக்கு 3 முதல் 15 நாட்களில் குணம் தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத ஆரம்பகட்ட ஆய்வுதான் அது. எந்த மருந்தானாலும் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போட்டுக்கொண்டு, துணிமணி, படுக்கை விரிப்புகளை வெந்நீரில் துவைக்காவிட்டால் சிரங்கு சுற்றிச் சுற்றி வரும்.

மூலிகையிலும் ஆபத்து உண்டு

குளியல் பொடியில் சேர்க்கும் கார்போகரிசியில் சோரலென் இருக்கிறது. பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் வெந்துபோகும். கற்றாழை மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை வடியவிடாமலும், சோற்றை நன்றாகக் கழுவாமலும் பூசினால் அரிக்கும். எதையும் முதலில் முன்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள்.

சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்கும், சீழும் காய்ச்சலும் சேர்ந்த கட்டிக்கும் கை வைத்தியம் ஆகாது. தொட்டால் உணர்ச்சி இல்லாத வெளிறிய தேமல் தொழுநோயாக இருக்கலாம். இலை தேடி நாளைக் கடத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அதற்கான கூட்டு மருந்து அங்கே இலவசம். 6 அல்லது 12 மாதத்தில் குணமாகிவிடும்.