வன்தட்டின் நாடி

ஈராண்டு உழைத்து எழுதிய ஆய்வேடு உங்கள் கணினியின் வன்தட்டில் இருக்கிறது. திடீரெனக் கோப்புகள் திறக்கத் தயங்குகின்றன. என் செய்வது?

முதலில் காது கொடுங்கள். நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் தட்டின்மீது, படிக்கும் முனை அதனைத் தொடாது மிதக்கிறது. 'டிக், டிக்' என்னும் ஓசை மீண்டும் மீண்டும் எழுமாயின், முனை தன் இடங்காணாது தடுமாறுகிறது எனக் கொள்ளலாம். உடனே மின்சாரத்தை நிறுத்திவிடுக. ஓசை இல்லையேல், சோதனைக்கு முன்பே ஆய்வேட்டைப் படியெடுத்துவிடுங்கள். நலிந்த தட்டுக்குச் சோதனையும் ஒரு சுமையே.

பின்னர், தட்டு தானே எழுதிவைக்கும் 'ஸ்மார்ட்' குறிப்பைப் பாருங்கள். 5ஆம் எண், கெட்டுப்போய் மாற்றிடம் பெற்ற பகுதிகளின் கணக்கு. 197, படிக்க இயலாது ஐயத்தில் நிற்பவற்றின் கணக்கு. இவை ஏறிக்கொண்டே போனால் தட்டு நலிகிறது. 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் இணைப்பு வடமே குற்றவாளி. இதனை அறியாமல் நல்ல தட்டொன்றை எறிந்தவன் நான்!

குறிப்பு தூயதாயின் கவலையில்லையா? 2007இல் கூகிள் பொறியாளர் வெளியிட்ட ஆய்வில், பழுதுற்ற தட்டுகளுள் பாதிக்கு மேற்பட்டவை முதன்மையான நான்கு அறிகுறிகளுள் ஒன்றையேனும் காட்டவில்லை.