தோற்ற ஆட்டத்துக்கும் மதிப்பு உண்டு

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிப்ரவரி முடியும்போது பள்ளிக் கூடைப்பந்து லீக் ஆட்டங்களும் முடிந்துவிடும். மாநில நாக்-அவுட்டுக்கான வரிசை வெளியாகும். அன்று மாலை பக்கத்து வீட்டுத் தங்கை போனைக் கையில் பிடித்தபடி வந்தாள். அவள் மகள் பள்ளி அணியில் ஆடுகிறவள்.

“அண்ணா, இந்த சீசன்ல எங்க பொண்ணுங்க அந்த டீமைவிட அதிகமா ஜெயிச்சிருக்காங்க. ஆனா லிஸ்ட்ல அவங்க மேல, நாங்க கீழ. எப்படிண்ணா இது?”

அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. “உட்காரும்மா, டீ குடிச்சுக்கிட்டே பார்ப்போம்” என்று ஒரு பழைய கவரைத் திருப்பிப் போட்டுப் பேனாவை எடுத்தேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கிரிக்கெட் லீக்கின் புள்ளிப் பட்டியல் நமக்குப் பழக்கம். அங்கே எல்லா அணியும் எல்லா அணியோடும் மோதும். அதனால் எத்தனை வெற்றி என்று எண்ணினாலே யார் பலசாலி என்பது ஓரளவு தெரிந்துவிடும். பள்ளி விளையாட்டில் அது நடக்காது. மாநிலத்தில் நூற்றுக்கணக்கான பள்ளிகள். ஒரு சீசனில் ஓர் அணி ஆடுவதோ ஏறத்தாழ இருபது ஆட்டங்கள். அவற்றிலும் பெரும்பாலானவை பக்கத்து ஊர்ப் பள்ளிகளோடு. பாஸ்டன் அருகில் இருக்கும் அணியும் மேற்குக் கோடியில் பெர்க்‌ஷயர் மலைப்பக்கத்து அணியும் உயர்நிலைப் பள்ளியின் நாலு வருடமும் ஒருவரையொருவர் பார்க்காமலே போகலாம். ஓர் அணி வலுவான லீக்கில் சிக்கிக்கொண்டு பாதி ஆட்டத்தில் தோற்கும். இன்னோர் அணி எளிய லீக்கில் தொடர்ந்து வெல்லும். இரண்டையும் வெற்றிக் கணக்கை மட்டும் வைத்து ஒப்பிட்டால் யாருக்கோ அநியாயம் நடக்கும்.

இந்த ஆட்டம் பிறந்ததே இந்த மாநிலத்தில்தான். 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டே அருகிலுள்ள நார்தாம்ப்டனில், ஸ்மித் கல்லூரி உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரென்சன் அதைத் தம் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1893 மார்ச்சில் அந்தக் கல்லூரியின் இரண்டு வகுப்புகள் மோதின. இரண்டே அணி, ஒரே ஆட்டம். வரிசைப்படுத்த வேண்டிய தேவையே எழவில்லை. அது எழுவதற்குப் பெண்கள் அணிகள் பெருக வேண்டியிருந்தது. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் ‘டைட்டில் நைன்’ சட்டம் 1972ல் வந்தது. அதற்கு முந்தைய கல்வியாண்டில் அமெரிக்கா முழுவதும் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் இருந்த பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. இன்று 30 லட்சத்துக்கும் மேல். இத்தனை பேர் ஆடுகிறார்கள் என்றால் அவர்களுடைய ஆட்டத்தைச் சரியாக எண்ணுவது அவர்களுக்குத் தரும் மரியாதை.

மாசசூசெட்ஸில் 2021-22 கல்வியாண்டு முதல் பள்ளி அளவுக்கேற்ற ஒவ்வொரு பிரிவுக்கும் மாநிலம் முழுவதற்குமாக ஒரே நாக்-அவுட் நடக்கிறது. அதில் யாருக்கு எந்த இடம் என்பதை பவர் ரேங்கிங் தீர்மானிக்கிறது. வலு வரிசை என்று வைத்துக்கொள்ளலாம். மேலே இருப்பவருக்கு முதல் சில சுற்றுகள் சொந்த அரங்கத்தில், அதுவும் தமக்குப் பின்னால் இருக்கும் அணியோடு. ஆகவே இந்த எண்ணில் நிறைய இருக்கிறது.

சூத்திரம் ஒரு வரிதான். உன் ஆட்டங்களின் சராசரிப் புள்ளி வித்தியாசத்தை எடு. அதோடு உன் எதிரணிகளுடைய வலு மதிப்பின் சராசரியைக் கூட்டு. வருவது உன் வலு மதிப்பு.

கவரின் பின்புறம் நாலு அணிகளை வரைந்தேன்: பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள். ஆளுக்கு மூன்று ஆட்டம். பச்சை நீலத்தை 2 புள்ளியிலும் 4 புள்ளியிலும் இரண்டு முறை வென்றது. சிவப்பை 9 புள்ளியில் வென்றது. நீலம் மஞ்சளை 9 புள்ளியில் வென்றது. சிவப்பு மஞ்சளை 4 புள்ளியிலும் 2 புள்ளியிலும் இரண்டு முறை வென்றது. ஆக, சிவப்புக்கு 2 வெற்றி 1 தோல்வி. நீலத்துக்கு 1 வெற்றி 2 தோல்வி.

“சிவப்புதானே மேல?” என்றாள்.

வெற்றியை மட்டும் எண்ணினால் அப்படித்தான். இப்போது வித்தியாசத்தைப் பார்ப்போம். நீலத்துக்கு மைனஸ் 2, மைனஸ் 4, பிளஸ் 9. கூட்டினால் 3, மூன்றால் வகுத்தால் 1. சிவப்புக்கு பிளஸ் 4, பிளஸ் 2, மைனஸ் 9. சராசரி மைனஸ் 1. இதே வழியில் பச்சைக்கு 5, மஞ்சளுக்கு மைனஸ் 5. இது பாதிக் கணக்கு. மீதிப் பாதி, எதிரணிகளின் மதிப்பு.

இங்கேதான் அவள் நிறுத்தினாள். “எதிர் டீமோட மதிப்பு தெரியணும்னா அவங்க எதிர் டீமோட மதிப்பு தெரியணும். அதுல நாங்களும் இருக்கோமே?” சரியான கேள்வி. கோழி முந்தியா முட்டை முந்தியா என்பது போலத்தான் தோன்றும். வழி இருக்கிறது. முதலில் எல்லோருடைய மதிப்பும் பூஜ்யம் என்று தொடங்குவோம். முதல் சுற்றில் அவரவர் சராசரி வித்தியாசமே மதிப்பாக வரும். அந்த எண்களை வைத்து மறுபடி போடுவோம். நீலத்தின் எதிரணிகள் பச்சை, பச்சை, மஞ்சள். 5, 5, மைனஸ் 5, சராசரி 1.67. நீலம் 1லிருந்து 2.67க்கு ஏறுகிறது. அடுத்த சுற்றில் 2.78, அதற்கடுத்து 2.96. இட்லி மாவு ஓரளவுக்கு மேல் பொங்காமல் நின்றுவிடுவதைப் போல இந்த எண்களும் ஓர் இடத்தில் நின்றுவிடும். பச்சை 6, நீலம் 3, சிவப்பு மைனஸ் 3, மஞ்சள் மைனஸ் 6.

சரிபார்க்கலாம். நீலத்தின் சராசரி வித்தியாசம் 1, எதிரணிகளின் சராசரி 2, மொத்தம் 3. சிவப்புக்கு மைனஸ் 1, எதிரணிகளின் சராசரி மைனஸ் 2, மொத்தம் மைனஸ் 3. குறைவாக வென்ற நீலம் மேலே. இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் 6க்கும் பொருள் உண்டு. இதுவரை மோதாத நீலமும் சிவப்பும் நாளை மோதினால் நீலம் ஏறத்தாழ 6 புள்ளியில் வெல்லும் என்பது இந்தக் கணக்கின் எதிர்பார்ப்பு. கென்னத் மாஸி என்பவர் கல்லூரி மாணவராக இருந்தபோது 1997ல் எழுதிய ஆய்வேட்டில் அணிகளை வரிசைப்படுத்த வைத்த சமன்பாடும் சாராம்சத்தில் இதுவே.

இதற்கு முந்தைய தலைமுறைக் கணக்கு ஆர்.பி.ஐ. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. 1981ல் கொண்டுவந்தது. உன் வெற்றி விகிதத்துக்கு 25 சதவீதம், எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு 50 சதவீதம், எதிரணிகளுடைய எதிரணிகளின் விகிதத்துக்கு 25 சதவீதம். கையாலேயே போட்டுவிடலாம் என்பதால் பல மாநிலப் பள்ளிச் சங்கங்களும் அதன் சாயலில் கணக்கு வைத்தன. ஆனால் அது எதிரியின் எதிரியோடு நின்றுவிடும்; எத்தனை புள்ளியில் வென்றாய் என்றும் கேட்காது. கல்லூரி ஆண்கள் பிரிவில் 2018லும் பெண்கள் பிரிவில் 2020லும் என்.சி.ஏ.ஏ. அதைக் கைவிட்டு வேறு முறைக்கு மாறியது.

புள்ளி வித்தியாசத்தைச் சேர்த்தால் ஓர் ஆபத்தும் கூடவே வரும். பெண்கள் பள்ளிக் கூடைப்பந்தில் பெரிய அணிக்கும் சிறிய அணிக்கும் இடைவெளி மிக அதிகம். 2009 ஜனவரியில் டெக்சாஸின் டல்லஸ் நகரில் ஓர் ஆட்டம் 100-0 என்று முடிந்தது. தோற்ற அணியில் இருந்தவர்கள் எட்டே பெண்கள். நாடே பேசியது, வென்ற பள்ளியே பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தது. வித்தியாசம் கூடக்கூட வரிசையில் ஏறலாம் என்று விட்டுவிட்டால் இப்படிப்பட்ட ஆட்டங்களுக்குக் கணக்கே துணைபோகும். அதனால் உச்சவரம்பு வைக்கிறார்கள். வரம்பு 10 என்று வைத்துக்கொள்வோம். 12 புள்ளியில் வென்றாலும் 60 புள்ளியில் வென்றாலும் கணக்கில் ஏறுவது 10தான். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. முன்னணி தெளிவானதும் கோச் பயமில்லாமல் பெஞ்சில் இருக்கும் பெண்களை இறக்கலாம். அவர்கள் கொஞ்சம் புள்ளி விட்டுக்கொடுத்தாலும் வரிசை பாதிக்காது. சீசன் முழுக்கப் பயிற்சிக்கு வந்து உட்கார்ந்திருந்த பிள்ளைக்குக் களத்தில் நாலு நிமிடம் கிடைக்கிறது. நல்ல சூத்திரம் இதையும் செய்யும்.

பலவீனம் இல்லாமல் இல்லை. கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ஆட்டங்கள் மிகக் குறைவு. ஆற்றின் மேல் இரண்டே பாலம் இருந்தால் ஊர்ப் போக்குவரத்து முழுக்க அவற்றை நம்பியிருக்கும் அல்லவா? அதுபோல ஒரு வட்டாரம் முழுவதின் மதிப்பும் வெளி வட்டாரத்தோடு ஆடிய ஒரு சில ஆட்டங்களைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நிற்கும். அன்று முக்கியமான ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் பிசகியிருந்தால் கணக்குக்கு அது தெரியாது. ஆனால் மாசசூசெட்ஸில் இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. ஒவ்வொரு பிரிவிலும் வரிசையின் முதல் 32 அணிகளோடு, ஆடியவற்றில் பாதியாவது வென்ற அணிகளுக்கும் முதற்கட்டச் சுற்றில் இடம் உண்டு. வெற்றிக்கும் அதன் பங்கு கிடைக்கிறது.

டீ முடிந்துவிட்டது. “அப்போ எங்க பொண்ணுங்க என்னண்ணா பண்ணணும்?” என்று கேட்டாள். மறுபடி கவரை எடுத்தேன். மற்ற அணிகளின் மதிப்பு மாறாது என்று வைத்துக்கொண்டு சிவப்புக்கு நாலாவதாக ஓர் ஆட்டம் தருவோம். மஞ்சளோடு ஆடி 2 புள்ளியில் வென்றால் சராசரி வித்தியாசம் மைனஸ் 0.25, எதிரணிகளின் சராசரி மைனஸ் 3. மைனஸ் 3ல் இருந்த சிவப்பு மைனஸ் 3.25க்கு இறங்குகிறது. அதற்குப் பதிலாகப் பச்சையோடு ஆடி 5 புள்ளியில் தோற்றால் சராசரி வித்தியாசம் மைனஸ் 2. எதிரணிகளின் சராசரி பூஜ்யம். சிவப்பு மைனஸ் 2க்கு ஏறுகிறது.

ஜெயித்தும் இறங்கலாம், தோற்றும் ஏறலாம். அவள் அந்த இரண்டு வரிகளையும் விரலால் தொட்டுத் தொட்டு மறுபடி கூட்டிப் பார்த்தாள். யாரோடு ஆடுவது என்பதைப் பிள்ளைகள் முடிவு செய்வதில்லை. லீக்கும் பள்ளியும் அட்டவணை போடும் பெரியவர்களும் முடிவு செய்கிறார்கள். வரிசையில் தெரியும் எண்ணில் அவர்களுடைய முடிவும் கலந்தே இருக்கிறது. ஆகவே கீழே இருப்பதற்காக மகளைக் கேட்பதில் நியாயம் இல்லை. பள்ளியிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. வலுவான அணிகளோடு இன்னும் இரண்டு ஆட்டம் போடுங்கள், எங்கள் பெண்கள் தோற்றாலும் பரவாயில்லை என்று கேட்கலாம்.

கிளம்பும்போது அந்தக் கவரை மடித்துக் கையோடு எடுத்துக்கொண்டாள். “கோச்கிட்ட காட்டுறேண்ணா” என்றாள்.