பீரங்கிக் குண்டு அளந்த ஊர்!

குட்டீஸ்... நிலத்தை எதை வைத்து அளப்பார்கள்? சங்கிலி, டேப், கயிறு என்று அடுக்குவீர்கள். கடலூரில் ஒருமுறை பீரங்கிக் குண்டை வைத்தே நிலத்தை அளந்திருக்கிறார்கள், தெரியுமா?

கடலூர்வாசிகளுக்கு 'குண்டு உப்பலவாடி' என்ற ஊரும், 'குண்டு சாலை' என்ற சாலையும் நன்றாகத் தெரியும். அந்தப் பெயர்களில் இருக்கும் குண்டு, பீரங்கிக் குண்டுதான் என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் குண்டுக்குப் பின்னால், அனுபவமே இல்லாமல் அரியணை ஏறிய ஒரு 19 வயது இளைஞரின் கதை இருக்கிறது. வாருங்கள், பார்க்கலாம்!

டமால்... இது எங்கள் நிலம்!

கடலூர் தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆற்றை ஒட்டி ஒரு கோட்டை இருந்தது. 1690ல் அதை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டை மட்டும் இல்லை. கோட்டையில் இருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகுமோ, அவ்வளவு நிலமும் கம்பெனிக்கே சொந்தம் என்று ஒப்பந்தம்!

ஆங்கிலேயர்கள் சும்மா இருப்பார்களா? சென்னையில் இருந்து நல்ல பீரங்கி ஒன்றை அனுப்பி வைத்தார்கள். 'அதிக தூரம் போகும்படி சுடுவது பீரங்கிக்காரரின் சாமர்த்தியம்' என்ற பொருளில் கடிதமும் வந்தது. 1690 செப்டம்பர் 23ம் தேதி பீரங்கி முழங்கியது. ஒவ்வொரு திசையிலும் குண்டு விழுந்த இடம் எல்லையானது. கடலூர் நகரமும் அந்த எல்லைக்குள் வந்துவிட்டது. அப்படிக் கிடைத்த ஊர்களுக்கு 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர்.

சென்னையில் அப்போது கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவின் புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகத்துக்கு இவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கடலூர்க் கோட்டைக்கு 'புனித டேவிட் கோட்டை' என்று பெயர் சூட்டினார்கள்.

சரி, வாங்கியவர்கள் ஆங்கிலேயர். விற்றது யார்? மாவீரர் சிவாஜியின் இளைய மகன் ராஜாராம். அப்போது அவருக்கு வயது 20!

பத்து வயதில் முதல் கிரீடம்

மராட்டிய இளவரசருக்கும் கடலூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? 1677ல் சிவாஜி தமிழகத்துக்குப் படையோடு வந்து செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். கடலூர், சிதம்பரம் பக்கமும் மராட்டியர் கைக்கு வந்தது. போர் பயத்தால் 1648ல் சிதம்பரத்தை விட்டு வெளியே கொண்டுபோன நடராஜர் சிலை, 1686ல் சிவாஜியின் மூத்த மகன் சம்பாஜியின் காலத்தில்தான் திரும்பி வந்தது.

ராஜாராம் 1670ல் பிறந்தவர். 1680 ஏப்ரலில் சிவாஜி இறந்ததும், ராஜாராமின் அம்மா சோயராபாயும் சில மந்திரிகளும் சேர்ந்து அந்தப் பத்து வயதுச் சிறுவனுக்குக் கிரீடம் சூட்டிவிட்டார்கள். அண்ணன் சம்பாஜி விடுவாரா? இரண்டே மாதத்தில் ராய்கட் கோட்டையைக் கைப்பற்றி, ஆட்சியைத் தன் வசமாக்கிக் கொண்டார்.

அதன்பின் சுமார் ஒன்பது ஆண்டுகள் ராஜாராம் கோட்டைக்குள் காவலில்தான் இருந்தார். மற்ற இளவரசர்கள் போர்க்களம் பார்க்கும் வயதில், அவர் கோட்டைச் சுவரையே பார்த்துக் கொண்டிருந்தார். படை நடத்தியது இல்லை. வரி, வழக்கு என்று எதையும் கவனித்தது இல்லை.

1689 மார்ச்சில், முகலாயப் பேரரசர் அவுரங்கசீப்பின் ஆட்களிடம் சிக்கிய சம்பாஜி கொல்லப்பட்டார். சம்பாஜியின் மகன் சாகுவுக்கு ஆறு வயது. நாட்டைக் காக்க வயது வந்த ஒருவர் வேண்டும் என்று, தன் மகனுக்குப் பதிலாக மைத்துனர் ராஜாராமை ஏற்றுக் கொண்டார் சம்பாஜியின் மனைவி யேசுபாய். எவ்வளவு பெரிய மனது! அத்துடன், எல்லாரும் ஒரே கோட்டையில் மாட்டிக் கொள்ளக் கூடாது, ராஜாராம் தப்பித்துப் போக வேண்டும் என்ற யோசனையையும் அவர்தான் சொன்னார்.

மாறுவேடத்தில் செஞ்சிக்கு!

ராய்கட்டில் இருந்து பிரதாப்கட், அங்கிருந்து பன்ஹாலா என்று கோட்டை கோட்டையாக ஓடினார் ராஜாராம். பிறகு, சில நண்பர்களோடு மாறுவேடத்தில் தெற்கே கிளம்பினார். வழியில், கர்நாடகத்தின் கேளடி ராணி சென்னம்மா அவருக்கு அடைக்கலம் தந்தார். அதற்காக அவுரங்கசீப்பின் கோபத்துக்கும் ஆளானார்.

பெங்களூரில் நடந்ததாக மராட்டியர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. பயணிகள் கூட்டத்தில் ஒருவருக்கு மட்டும் மற்றவர்கள் கால் கழுவி விடுவதைப் பார்த்துச் சிலருக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். உடனே ராஜாராம் நழுவிவிட, பின்தங்கிய நண்பர்கள் மாட்டிக் கொண்டார்களாம். அடி உதை வாங்கியும் அவர்கள் வாயைத் திறக்கவில்லையாம்!

1689 நவம்பரில் ராஜாராம் செஞ்சி வந்து சேர்ந்தார். அதே மாதம் ராய்கட் விழுந்தது. யேசுபாயும் குட்டிச் சாகுவும் முகலாயரிடம் கைதிகள் ஆனார்கள்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளைச் சுவர்களால் இணைத்த பலமான கோட்டை செஞ்சி. ஆனால், சுவர் மட்டும் போதுமா? படைக்குச் சம்பளம் வேண்டும், சாப்பாடு வேண்டும், வெடிமருந்து வேண்டும். 1690ல் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் செஞ்சியை முற்றுகையிட வந்துவிட்டார். கஜானாவிலோ பணம் இல்லை. அந்த நெருக்கடியில்தான் கடலூர்க் கோட்டை கைமாறியது.

குடியரசிலும் வாரிசா?

'ராஜா செத்தால் பிள்ளை ராஜா. அது முடியாட்சி. குடியரசில் அப்படி நடக்காதே' என்று நினைக்கிறீர்களா? நடந்திருக்கிறது!

கோட்டையை வாங்கினார்களே ஆங்கிலேயர்கள், அவர்கள் நாட்டிலேயே நடந்தது. 1649ல் தங்கள் மன்னரின் தலையைத் துண்டித்துவிட்டு, இங்கிலாந்தைக் குடியரசு ஆக்கினார்கள். அதன் தலைவரான ஆலிவர் கிராம்வெல் 1658ல் இறந்ததும், மகன் ரிச்சர்ட் அந்த இடத்துக்கு வந்தார். ராணுவத்தை நடத்திய அனுபவம் அவருக்கு இல்லை. தளபதிகள் மதிக்கவில்லை. ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, 1659 மே மாதம் பதவியை விட்டே போய்விட்டார்!

இத்தாலியில் இன்னொரு கதை. ஃப்ளாரன்ஸ் நகரத்துக்கு ராஜா கிடையாது. சபைகள் வைத்து ஆண்ட குடியரசு அது. ஆனால், 1434ல் இருந்து மெடிசி என்ற வங்கிக் குடும்பம் வைத்ததே அங்கே சட்டம். 1492ல் குடும்பத் தலைவர் லோரென்சோ இறந்தார். செல்வாக்கு முழுவதும் 20 வயது மகன் பியரோ கைக்குப் போனது.

1494ல் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸ் பெரும் படையோடு வந்தார். பயந்துபோன பியரோ என்ன செய்தார் தெரியுமா? சபையைக் கேட்காமல், தானே மன்னரின் முகாமுக்குப் போனார். எல்லைக் கோட்டைகளோடு, சாய்ந்த கோபுரம் இருக்கும் பீசா நகரத்தையும், லிவோர்னோ துறைமுகத்தையும் ஒப்படைக்கச் சம்மதித்துவிட்டார். ஊர் திரும்பியதும் அரசு மாளிகைக்குப் போனால்... கதவு சாத்தியிருந்தது! கோபம் கொண்ட மக்கள் அவரை ஊரை விட்டே துரத்தினார்கள். 'அதிர்ஷ்டம் கெட்ட பியரோ' என்பதுதான் வரலாற்றில் அவருக்குப் பெயர்.

ராஜாராம் என்ன செய்தார்?

பியரோவும் கோட்டையைக் கொடுத்தார். ராஜாராமும் கோட்டையை விற்றார். அப்புறம் ஏன் பியரோ இரண்டே ஆண்டில் விழுந்தார், ராஜாராமின் நாடு பிழைத்தது?

தனக்குத் தெரியாது என்பது ராஜாராமுக்குத் தெரிந்திருந்தது! தெரிந்தவர்களிடம் பொறுப்பைக் கொடுத்தார். மராட்டிய நாட்டைப் பார்த்துக் கொள்ளும் முழு அதிகாரத்தை ராமச்சந்திர பந்த் என்ற மந்திரியிடம் ஒப்படைத்தார். செஞ்சியில் பிரகலாத் நிராஜி என்ற அனுபவசாலியைத் தன் பிரதிநிதி ஆக்கினார். படை நடத்தும் வேலை சாந்தாஜி, தனாஜி என்ற தளபதிகளுக்கு. 1692 கடைசியில் அவர்கள் இருவரும் குதிரைப் படையோடு பாய்ந்து வந்து, செஞ்சியைச் சுற்றி நின்ற முகலாயப் படையைத் திணறடித்தார்கள்.

ராஜாராம் தப்பே செய்யவில்லையா? செய்தார். சாந்தாஜிக்கும் தனாஜிக்கும் சண்டை வந்தபோது அதைத் தீர்த்து வைக்க அவருக்குத் தெரியவில்லை. சாந்தாஜியைப் பதவியில் இருந்து நீக்கினார். 1697ல் சாந்தாஜி கொல்லப்பட்டார். நாடு ஒரு பெரிய வீரரை இழந்தது.

1698ல் செஞ்சி விழுந்தது. அதற்குள் ராஜாராம் தப்பி, மராட்டிய நாட்டுக்கே போய்விட்டார். 1700ல், 30 வயதிலேயே இறந்துபோனார். அவர் மனைவி தாராபாய் போரைத் தொடர்ந்தார். அவுரங்கசீப்பால் கடைசிவரை மராட்டியரை முழுதாக அடக்க முடியவில்லை.

கேட்கப்படாத கேள்வி

கதையில் நாம் மறந்துவிட்டவர்கள் சிலர் உண்டு. 1690 செப்டம்பரில் கடலூரைச் சுற்றி நெல் நட்டவர்கள், உப்பு எடுத்தவர்கள், வலை வீசியவர்கள். 'இனி உங்களுக்குக் கம்பெனிதான் எஜமான்' என்பதை, தலைக்கு மேல் பறந்த ஒரு குண்டு முடிவு செய்தது. 'உங்களுக்குச் சம்மதமா?' என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

விளைவு சின்னது இல்லை. 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, ஆங்கிலேயர்கள் ஓடி ஒளிய இடம் தந்தது இந்தக் கோட்டைதான். 1752 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுவே தலைநகரம். சென்னையில் இருந்து தப்பி இங்கே வந்தவர்களில் ராபர்ட் கிளைவும் ஒருவர். பின்னாளில் இந்தியாவில் ஆங்கில ஆட்சிக்கு அடித்தளம் போட்ட அதே கிளைவ்! 1758ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். ஆனால், கம்பெனி அதற்குள் வேரூன்றிவிட்டது.

பண நெருக்கடியில் இருந்த 20 வயது ராஜாராமுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயம் இல்லைதான். ஆனால், பெரிய பொறுப்பில் இருப்பவர் அவசரத்தில் எடுக்கும் முடிவு, அவர் போன பிறகும் அடுத்தவர்களைத் தொடரும்.

நாற்காலியை அப்பாவிடம் இருந்து மகன் வாங்கிக் கொள்ளலாம். அனுபவத்தை அப்படி வாங்க முடியாது. நாளைக்கு உங்களை வகுப்புத் தலைவராகவோ, கபடி அணிக்கு கேப்டனாகவோ போட்டால், இரண்டு பேரைக் கட்டாயம் கேளுங்கள். ஒருவர், அந்த வேலை தெரிந்தவர். இன்னொருவர், உங்கள் முடிவால் பாதிக்கப்படப் போகிறவர். ராஜாராம் முதல் ஆளைக் கேட்டார், பிழைத்தார். பியரோ யாரையும் கேட்கவில்லை. இரண்டாவது ஆளைக் கேட்க அந்தக் காலத்தில் வழியே இல்லை. இப்போது நமக்குத் தேர்தல் இருக்கிறது, கிராம சபை இருக்கிறது.

ராஜாராம் ஓடிய வழியில் இருந்த ராய்கட், பிரதாப்கட், பன்ஹாலா, அவர் வந்து சேர்ந்த செஞ்சி ஆகிய நான்கு கோட்டைகளும் 2025ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பிடித்துவிட்டன. விடுமுறையில் செஞ்சி மலை ஏறிப் பாருங்கள். கடலூர் சில்வர் பீச்சுக்குப் போனால், பக்கத்தில் கெடிலம் கரையில் மிஞ்சியிருக்கும் கோட்டை இடிபாட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள், குட்டீஸ்!