காணற்கரிய காட்சிகள்

பிரெஞ்சு நெறியாளர் அலென் ரெனே 1955 இல் ஆக்கிய 'இரவும் மூடுபனியும்' என்னும் விவரணப் படம் ஏறத்தாழ 32 நிமிடங்களே ஓடுவது; எனினும் அதனை இடைவிடாது காண்டல் எளிதன்று. நாசியரின் வதைமுகாம்களில் மாண்டோரின் உடற்குவியல்கள் கறுப்பு வெள்ளையிற் தோன்றுகின்றன. ஆயின், நெஞ்சை உலுக்குவன அவை மட்டுமல்ல. புல் முளைத்துக் கிடக்கும் அதே முகாம் நிலத்தினூடே, வண்ணத்தில், படக்கருவி மெல்ல ஊர்ந்து செல்கின்றது. இத்துணை அமைதியான இடத்திலா என்று மனம் திடுக்கிடுகின்றது. உரையெழுதிய ழான் கேரோல் தாமே முகாமொன்றிற் சிறையிருந்து மீண்டவர். ஆகவே போலும், அவ்வுரையில் ஆரவாரமில்லை.

1956 இல் மேற்கு ஜேர்மனியின் ஆட்சேபத்தால் இப்படம் கான் விழாப் போட்டியினின்று விலக்கப்பட்டது. பிரெஞ்சுத் தணிக்கையாளரை உறுத்தியதோ வேறொன்று: பிரான்சிலிருந்த தடுப்புமுகாமொன்றைக் காவல்புரியும் பிரெஞ்சுக் காவலனது தொப்பி! அதனை மறைத்த பின்னரே படம் வெளிவந்தது. பிற்காலப் படிகளில் அத்தொப்பி மீண்டுந் தெரிகின்றது.