ராணி வருவதற்குள் மூன்று தரம் கழுவியாச்சு!

சத்தம் போடாமல் இப்படி ஓரமாக வந்து எட்டிப் பாருங்கள். 1573, மார்ச் 19, பெரிய வியாழன். லண்டனை அடுத்த கிரீன்விச் அரண்மனை. இயேசு சீடர்களின் கால் கழுவிய நாளாயிற்றே. முதலாம் எலிசபெத் மகாராணி ஏழைப் பெண்களின் கால் கழுவப்போகிறார். வயது 39, ஆகவே பெண்களும் 39 பேர். ராணியின் வயதைத் தலை எண்ணியே சொல்லிவிடலாம், பாவம்!

அவர் வருமுன்பே உள்ளே ஒரே அமர்க்களம். அரண்மனைச் சலவைக்காரர் வெள்ளிப் பாத்திரத்தில் பூப் போட்ட வெந்நீரோடு வந்து, ஒவ்வொரு காலாகக் கழுவித் துடைத்து, விரல்களுக்குச் சற்று மேலே சிலுவை வரைந்து முத்தமிடுகிறார். ஆச்சா? எங்கே! தானதர்மம் பார்க்கும் துணைப் பாதிரியார் வந்து அதே கால்களை மறுபடி கழுவுகிறார். அவர் போனதும் தலைமைப் பாதிரியார், மூன்றாம் தரம்! இத்தனைக்கும் பிறகுதான் மகாராணி வந்து மெத்தையில் மண்டியிடுகிறார். துண்டும் ஏப்ரனுமாக 39 சீமாட்டிகள் ஆளுக்கொரு பாத்திரம் நீட்ட, ஆளுக்கு ஒரே ஒரு காலைக் கழுவுகிறார். வில்லியம் லம்பார்ட் என்பவர் இத்தனையையும் விடாமல் எழுதிவைத்த புண்ணியவான்.

அப்புறம் தானம்: துணி, செருப்பு, சால்மன், ஆறு ஹெரிங் மீன், ரொட்டி, ஒயின். வெள்ளைப் பையில் வயதுக்கேற்ப 39 பென்ஸ். சிவப்புப் பையில் 20 ஷில்லிங், அதுதான் சுவாரசியம்! ராணி உடுத்தியிருக்கும் அங்கியை ஒருத்திக்குக் கழற்றித் தருவது பழைய வழக்கம். முன்பு ராணியாயிருந்த அக்கா மேரி 1556இல் அப்படித்தான், இரண்டு சுற்று வந்து பார்த்து, இருப்பவர்களிலேயே பரம ஏழையான கிழவிக்குத் தன் அங்கியைக் கொடுத்தார். எலிசபெத் அங்கியை விடவில்லை. ‘எனக்கு, எனக்கு’ என்று வரும் சிபாரிசுத் தொல்லையே வேண்டாமென்று எல்லாருக்கும் சமமாகக் காசு. சாமர்த்தியசாலி! எனக்கென்னவோ மேரியைத்தான் பிடிக்கிறது.

கால் கழுவல் 18ஆம் நூற்றாண்டிலேயே நின்றுபோயிற்று. பைகள் நிற்கவில்லை. 2025இல் டர்ஹம் கதீட்ரலில் சார்லஸ் மன்னர் 76 ஆண்களுக்கும் 76 பெண்களுக்கும் அதே சிவப்பும் வெள்ளையும் கொடுத்தார். வெள்ளையில் 76 பென்ஸ், குட்டிக் குட்டி வெள்ளிக் காசாக. தானதர்மப் பாதிரியார் இன்றும் இடுப்பில் துண்டு கட்டி வருகிறார். நாற்றமும் நோயும் அண்டாதிருக்க அந்தக் காலத்தில் பிடித்த வாசனைச் செண்டு மன்னர் கையில் இன்னும் இருக்கிறது, 152 ஜோடிக் கால்களும் ஷூவுக்குள் பத்திரமாக இருக்கும்போதே!